கடன் வேறு, தொல்லை வேறு: உறவினருக்காக வசூல் போனை எடுப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களில் நாலு எழுத்து படித்தவர் என்று ஒருவர் இருந்துவிட்டால், ரேஷன் கார்டு திருத்தம் முதல் வங்கிக் கடிதம் வரை எல்லாமே அவர் தலையில்தான் விழும். அந்த வரிசையில் இப்போது கடன் வசூல்காரர்களின் போனும் சேர்ந்திருக்கிறது. கடன் வாங்கியவர் சித்தியாக இருப்பார். போன் சித்திக்கு வரும், சித்தப்பாவுக்கு வரும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகனுக்கு வரும், கடைசியில் உங்களுக்கும் வரும். "எனக்கு ஒன்றும் புரியவில்லை கண்ணு, நீயே பேசிவிடு" என்று போன் உங்கள் கைக்கு மாறும்.

பேச ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றை மனதில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கடன் வேறு, தொல்லை வேறு. இரண்டும் ஒரே போனில் வருவதால் ஒன்றாகத் தெரிகின்றன. வசூல்காரர் அவற்றை வேண்டுமென்றே ஒட்டவைத்துப் பேசுவார்: "வாங்கிய பணத்தைக் கட்டவில்லை அல்லவா, அப்படியானால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்." நம் வீட்டுப் பெரியவர்களும் தலையை ஆட்டிவிடுவார்கள். வாங்கினோம், கட்ட முடியவில்லை, நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வார்கள் என்பது அவர்கள் கணக்கு. சட்டத்தின் கணக்கு அப்படி இல்லை. பாக்கித் தொகை என்பது ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட பண விவகாரம். இரவு ஒன்பது மணிக்கு அழைத்து மிரட்டுவது விதிமீறல். அளவு மீறினால் குற்றம். பாக்கி இருப்பதால் மிரட்டல் நியாயமாகிவிடாது. மிரட்டினார்கள் என்பதற்காகப் பாக்கியும் தள்ளுபடியாகிவிடாது. இந்த இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதுவதுபோல நடத்தினால் பாதிக் குழப்பம் அப்போதே தீரும்.

பேசுவது யார், பணம் யாருடையது

போனில் பேசுபவர் பெரும்பாலும் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க மாட்டார். நிறுவனம் ஒரு வசூல் ஏஜென்சியை அமர்த்தியிருக்கும்; அந்த ஏஜென்சியில் வேலை பார்ப்பவர் அவர். அவர் வாயால் சொல்லும் தொகை, அவர் வைக்கும் கெடு, அவர் தரும் சலுகை எதுவுமே நிறுவனத்தின் எழுத்தில் வரும்வரை செல்லாது. அதனால் கடன் எந்த வகை, கொடுத்தவர் யார் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வங்கி, பைனான்ஸ் நிறுவனம், நுண்கடன் நிறுவனம், அவற்றோடு இணைந்த கடன் செயலி ஆகியவை ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குள் வருபவை. தண்டல், மீட்டர் வட்டி, பக்கத்துத் தெரு வட்டிக்காரர் ஆகியோர் அந்த வட்டத்துக்கு வெளியே. அவர்களுக்கு மாநிலச் சட்டம்.

நம் மாவட்டங்களில் அதிகம் குழம்புவது குழுக் கடனில்தான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கப்பட்டதே அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான்; கிருஷ்ணகிரி 2004-இல்தான் தனியாகப் பிரிந்தது. அதனால் இங்கே குழுவில் இருப்பது கௌரவமான விஷயம். சுய உதவிக் குழு தானே சேமித்து, அந்தச் சேமிப்பின் பலத்தில் வங்கியில் கடன் வாங்குவது. தனியார் நுண்கடன் நிறுவனம் சேர்க்கும் குழுவில் சேமிப்பு இருக்காது. கடன் வாங்குவதற்காகவே சிலரைச் சேர்த்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று பிணைத்துவைப்பது அது. சித்தி எந்தக் குழுவில் இருக்கிறார் என்று அவரைக் கேட்டால் தெளிவான பதில் வராது. கடன் அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர், தொகை, வட்டி, தவணை, புகார் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அட்டையும் இல்லை, மூன்று நான்கு இடங்களிலிருந்து போன் வருகிறது, யார் யார் என்றே தெரியவில்லை என்றால், கடன் வாங்கியவரின் கிரெடிட் அறிக்கையை எடுத்துவிடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஓ.டி.பி. கடன் வாங்கியவரின் போனுக்கு வரும். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. அறிக்கையில் இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் பணம் கேட்டால், எழுத்தில் ஆதாரம் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் இடம் எது

அடுத்த கேள்வி உங்களைப் பற்றியது. இந்தக் கடனில் நீங்கள் எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் விவகாரமே வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமமானது. "முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று அவர் சொல்ல முடியாது. இணைக் கடன்தாரருக்கும் அதே கதிதான். நுண்கடனில் கணவனின் கையெழுத்தையும் சேர்த்து வாங்குவது சகஜம் என்பதால், சித்தப்பாவையும் கேட்டுவிடுங்கள்.

கையெழுத்து இல்லை என்றால் பொறுப்பும் இல்லை. அக்கா மகன், தங்கை மருமகன், மச்சான் என்ற உறவு மட்டும் யாரையும் கடனாளியாக்காது. கடன் விண்ணப்பத்தில் தெரிந்தவர் என்று உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தாலும் சரி, அதுவும் ஜாமீன் ஆகாது. "அப்பன் கடனை மகன்தான் தீர்க்க வேண்டும்" என்பது ஊரில் இன்றும் சொல்லப்படுகிறது. வசூல்காரர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பழைய இந்துச் சட்டத்தில் அப்படி ஒரு கடமை இருந்தது உண்மை. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகன்மீதோ பேரன்மீதோ நடவடிக்கை எடுக்கும் வழியை, அதற்குப் பிந்தைய கடன்களுக்கு மூடிவிட்டார்கள். மகனாக விரும்பிக் கட்டுவது அவரவர் குடும்ப விஷயம். போனில் மிரட்டி வாங்கிக்கொள்ளும் உரிமையாக அது இப்போது இல்லை.

பொறுப்பு இல்லாதவர் எந்த உரிமையில் பேசுவது? அதற்குத்தான் அங்கீகாரக் கடிதம். ஒரு வெள்ளைத்தாளில், "இந்தக் கடன் கணக்கு தொடர்பாக என் சார்பில் பேசவும் கடிதங்களைப் பெறவும் அனுப்பவும் என் அக்கா மகன் இன்னாரை அங்கீகரிக்கிறேன்" என்று எழுதி, சித்தியின் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, தேதியிட்டு, நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பணம் கட்டும் பொறுப்பை ஏற்கிறேன் என்ற பொருள் வரும் ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது.

ஒரு போன் உரையாடல்

"வணக்கம். நான் அவருடைய அக்கா மகன் பேசுகிறேன். உங்கள் பெயர், ஏஜென்சியின் பெயர், எந்த நிறுவனத்தின் கடன், கணக்கு எண் என்ன என்று சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்."

"அதெல்லாம் உங்களுக்கு எதற்கு சார்? இன்று சாயங்காலத்துக்குள் நாலாயிரம் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு ஆள் வருவார்கள்."

"வருபவர் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அங்கீகாரக் கடிதமும் கொண்டுவரட்டும். உங்கள் பெயரை இன்னும் சொல்லவில்லை."

"நீங்கள் யார் சார் கேட்பதற்கு? கடன் வாங்கியவரிடம் போனைக் கொடுங்கள்."

கடைசி வரியில் அவர் சொல்வது ஒரு வகையில் சரி. அங்கீகாரம் இல்லாத மூன்றாம் மனிதரிடம் ஒருவரின் கடன் விவரத்தைப் பேசக் கூடாது; அது கடன் வாங்கியவரின் அந்தரங்கம். ஆனால் இதே ஆள்தான் நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "உங்கள் தெருவில் இன்னார் பணம் கட்டாமல் ஏமாற்றுகிறார்" என்று சொல்லியிருப்பார். அந்த முரண்பாட்டை வைத்து வாதாடப் போகாதீர்கள். "அங்கீகாரக் கடிதத்தை நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறோம். சொல்ல வேண்டியதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வணக்கம்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். மொத்தம் ஒன்றரை நிமிடம்.

கோபம் வரும். எதிரில் பேசுபவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். மாதக் கடைசியில் எவ்வளவு வசூல் என்று அவருக்கும் ஒரு கணக்கு மேலே இருக்கிறது. அவமானமும் பயமும் அவர் கையில் உள்ள சாமான்கள். நீங்கள் திட்டினால் அந்தப் பதிவு அவர் பக்கத்துச் சாட்சியாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை, இதை அடிக்கோடிட்டே எழுதுகிறேன்: வாயில் தேதி சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்" என்று போனை வைப்பதற்காகச் சொல்லும் ஒரு வார்த்தை, அவர்கள் கணினியில் 'கட்டுவதாக வாக்குக் கொடுத்தார்' என்று பதிவாகும். வியாழன் மாலை நினைவூட்டல், வெள்ளி காலை கெடு, சனிக்கிழமை "ஏமாற்றிவிட்டீர்களே" என்ற ஏச்சு என்று அந்த ஒரு வார்த்தை பத்துப் போன்களைக் கூட்டிவரும்.

போனை அணைத்துவிடுவது, எண்ணைத் தடுத்துவிடுவது என்ற யோசனையைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓர் எண்ணைத் தடுத்தால் வேறு எண்ணிலிருந்து வரும். சித்தி எடுக்காவிட்டால் நாத்தனாரைக் கூப்பிடுவார்கள். புகாருக்கு வேண்டிய ஆதாரமும் கையைவிட்டுப் போகும். 1909 என்ற எண்ணில் பதிவு செய்யும் விளம்பரத் தடை இதற்கு உதவாது; விளம்பர அழைப்புகளுக்குத்தான் அது. ஒலியை அடக்கி வைத்து, வந்த அழைப்பை நோட்டில் குறிப்பதே நல்லது. பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். தேதி, மணி, வந்த எண், பேசியவர் சொன்ன பெயர், யாருடைய போனுக்கு வந்தது, சொன்ன வார்த்தை. வார்த்தையை அப்படியே எழுதுங்கள். 'அசிங்கமாகத் திட்டினார்' என்று சுருக்கினால் பிறகு புகாரில் அதற்கு எடை இருக்காது. பேசுபவரே தன் போனில் பதிவு செய்து வைப்பதும், அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும் நோட்டுக்குத் துணை.

அவர்கள் எதைச் செய்யக் கூடாது

2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் கீழுள்ள நிறுவனங்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. நுண்கடனுக்கு இன்னும் இறுக்கம்: காலை 9 முதல் மாலை 6 வரைதான். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கப்படும் கடன்தான் இங்கே நுண்கடன் என்பது. குழுக் கடன்கள் பெரும்பாலும் இதில் வந்துவிடும். நேரத்துக்குள் அழைத்தாலும் ஓயாமல் அழைத்துக்கொண்டே இருப்பது தவறு. மிரட்டுவது, ஊரறிய அவமானப்படுத்துவது, உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர்களைத் தொந்தரவு செய்வது, பெயர் சொல்லாத எண்ணிலிருந்து பயமுறுத்துவது, செல்போனிலும் சமூக ஊடகத்திலும் தகாத செய்தி அனுப்புவது எல்லாமே தடை செய்யப்பட்டவை. ஏஜென்சி செய்யும் தவறுக்கு அதை அமர்த்திய நிறுவனமே பொறுப்பு. "அது ஏஜென்சி ஆள் சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கிளை மேலாளர் கைகழுவினால், எழுத்தில் தரச் சொல்லுங்கள், தர மாட்டார்.

வங்கிகளுக்கு 2008-லேயே சொல்லப்பட்ட ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கடன் வாங்கியவர் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கும்போது, அந்தப் புகாரை முடிக்கும்வரை அவருடைய கணக்கை வங்கி வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைக்கக் கூடாது. அதாவது எழுத்தில் கொடுக்கும் புகாருக்கே ஒரு தடுக்கும் சக்தி உண்டு. வெற்றுக் காரணம் சொல்லி மறுபடி மறுபடி புகார் கொடுத்தால் மட்டும் இது பலிக்காது.

நுண்கடன் ஊழியர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "பணம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன்" என்பது பாலக்கோட்டிலிருந்து ஊத்தங்கரை வரை கேள்விப்படும் கதை. வீட்டில் பெண்கள் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார்கள். தவணை வசூல் இரு தரப்பும் பேசி முடிவு செய்த ஒரு பொது இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பது 2022 நுண்கடன் விதி. அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறைக்குக் குறையாமல் கடன் வாங்கியவர் வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். வந்தாலும் மிரட்ட அனுமதி இல்லை. அதனால் பணம் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் நடக்கும் வசூல் கூட்டத்துக்குப் போய்விட்டு வருவது நல்லது என்பேன்.

ஆனால் குழுக் கடனில் விதிப் புத்தகம் எட்டாத ஒரு மூலை இருக்கிறது. ஊழியரின் வாயை விதி அடக்கும். ஒருவர் கட்டாததால் தாங்கள் சேர்ந்து கட்ட வேண்டி வந்த மற்றப் பெண்களின் முகத்தை எந்த விதியும் மாற்றாது. அவர்களும் தக்காளிச் சந்தையிலும் மாம்பழக்கூழ் ஆலையிலும் கூலிக்குப் போய் வாரத் தவணை சேர்ப்பவர்கள்தான். குழாயடியில் பேச்சு நிற்பதும், விசேஷத்துக்கு அழைப்பு வராததும் இங்கிருந்து தொடங்குபவை. உறவினருக்காகப் பேச வருபவர்கள் பலரும் நிறுவனத்தோடு சண்டை போட்டுவிட்டு இவர்களை மறந்துவிடுகிறார்கள். என் கருத்தில் முதலில் போக வேண்டியது இவர்கள் வீட்டுக்குத்தான். யார் யார் எவ்வளவு சேர்த்துக் கட்டினார்கள் என்று எழுதி, அதில் எதை எப்போது திருப்பித் தர முடியும் என்று சித்தியே நேரில் சொல்லட்டும். நிறுவனத்திடம் அவகாசம் கேட்கும் கடிதத்திலும் இவர்கள் கையெழுத்து இருந்தால், கிளையில் அதற்கு மதிப்பு கூடும்.

கடிதம்

நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அழுகையும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். மாதிரிக்கு:

"பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள். பொருள்: கடன் கணக்கு எண் ……, வசூல் அழைப்புகள் தொடர்பாக. ஐயா, மேற்கண்ட கணக்கு தொடர்பாக …… தேதி முதல் …… தேதி வரை எனக்கும் என் உறவினர்களுக்கும் வந்த அழைப்புகளின் பட்டியலை இணைத்துள்ளேன். இவற்றுள் குறியிட்டவை அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு வெளியே வந்தவை. இனி என்னை …… என்ற எண்ணில் மட்டும், அனுமதிக்கப்பட்ட நேரத்தில் தொடர்புகொள்ளவும். கடனுக்குத் தொடர்பில்லாத என் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைப்பதை நிறுத்தவும். என் சார்பில் பேச …… அவர்களை அங்கீகரித்து எழுதிய கடிதத்தை இணைத்துள்ளேன். கணக்கின் முழு விவர அறிக்கையையும், நீங்கள் அமர்த்தியுள்ள வசூல் ஏஜென்சியின் பெயர் முகவரியையும் எழுத்துமூலம் தரவும்."

கடன் வாங்கியவரே கையெழுத்திட வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதையும் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். "இவ்வளவு பாக்கி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரியைச் சேர்க்காதீர்கள். சாதாரணக் கடனுக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு மூன்று ஆண்டு. வரம்பு முடிவதற்குள் கடன்தாரரோ அவர் அங்கீகரித்தவரோ எழுதிக் கையெழுத்திடும் ஒப்புதல், அந்த மூன்று ஆண்டை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கிவைத்துவிடும். தொல்லை தாங்காமல் 'ஐந்நூறு போட்டுவிடலாம்' என்று கட்டும் சிறு தொகைக்கும் அதே விளைவு வரலாம். பழைய கடன் என்றால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே பணத்தில் கை வையுங்கள்.

விவர அறிக்கை வந்ததும் அபராதப் பத்தியைப் பாருங்கள். தவணை தவறியதற்கு அபராத வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2023-இல் வெளியிட்ட விதியால் நிறுத்தியது. 2024 முதல் அபராதக் கட்டணமாக மட்டுமே வசூலிக்கலாம், அந்தக் கட்டணத்தின்மேல் வட்டி ஏற்றக் கூடாது. போனில் சொன்ன தொகைக்கும் அறிக்கையில் உள்ள தொகைக்கும் இடையே எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒம்புட்ஸ்மேன் எனப்படும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம், இல்லையென்றால் சண்டிகரில் உள்ள அதன் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது. கடன் வாங்கியவர் எழுத்துமூலம் அங்கீகரித்தால் அவருடைய பிரதிநிதியே புகார் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பிரதிநிதி வழக்கறிஞராக இருக்கக் கூடாது. அக்கா மகனுக்கு அனுமதி, வக்கீலுக்கு இல்லை என்று விதி இருக்கும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

காவல் நிலையம் எப்போது

வீட்டு வாசலில் கூச்சல், பெண்களிடம் ஆபாசப் பேச்சு, அடிப்பேன் என்ற மிரட்டல், வண்டியையோ பொருளையோ பிடுங்கிக்கொண்டு போவது ஆகியவற்றுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு 112, பிறகு காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்காமல் வெளியே வராதீர்கள். கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுப்பதற்கென்றே 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். தண்டல், மீட்டர் வட்டி, நாள் வட்டி என்றால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம். மூன்று ஆண்டு வரை சிறை அதில் உண்டு. நிலையத்தில் அசைவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகம், அதோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு.

கடன் செயலியின் தொல்லை தனி ரகம். போனில் உள்ள தொடர்பு எண்களை எடுத்து, எல்லாருக்கும் படத்தை மாற்றி அனுப்புவோம் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குள் வரும் செயலி எதுவும் தொடர்புப் பட்டியலையோ புகைப்படங்களையோ தொடக் கூடாது. அப்படிப்பட்ட செயலிகளின் பட்டியல் 2025 முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் இல்லாத செயலி மிரட்டினால் பேச்சுவார்த்தையே வேண்டாம். 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

பாக்கியை என்ன செய்வது

தொல்லைக்கு ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருக்கட்டும். பாக்கியை அடைக்கும் வழியைத் தனியாகப் பாருங்கள். குடும்பத்தால் மாதம் எவ்வளவு முடியும் என்று உண்மையாகக் கணக்குப் போட்டு, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி கேட்பது முதல் வழி. குறைந்த தொகையில் முடித்துக்கொள்வது இரண்டாவது. அப்படி முடித்தால் கிரெடிட் அறிக்கையில் முழுமையாக அடைத்த கணக்கு என்று வராது, சமரசத்தில் முடிந்த கணக்கு என்று வரும். அடுத்த கடன் கேட்கும்போது அது உறுத்தும். எந்த வழியானாலும் நிறுவனத்தின் கடிதம் கையில் வந்த பிறகு, நிறுவனத்தின் கணக்குக்கே பணம் போக வேண்டும். வசூல்காரரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்குப் போன பணம் உங்கள் கடனில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்று வாங்கிவிடுங்கள்.

நகைக் கடன் பற்றி ஒரு வார்த்தை. அங்கிருந்து வரும் போனையும் கடிதத்தையும் வசூல் தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஏல அறிவிப்பு அதில்தான் வரும்; ஏலத் தேதி தாண்டினால் தாலிக்கொடியானாலும் திரும்பாது.

காகிதங்களிலும் தரம் பிரிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் 'கைது ஆணை' பெரும்பாலும் பயமுறுத்தல்தான். கடனைக் கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் போலீஸ் வந்து கைது செய்வதில்லை. காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் கதை வேறு: அறிவிப்பு கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் குற்ற வழக்காக மாறும். லோக் அதாலத் அழைப்பு என்பது சமரசம் பேசக் கூப்பிடுவது, போய் உட்கார்ந்து பேசலாம். நீதிமன்றச் சம்மன் வந்தால் கட்டாயம் ஆஜராக வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், காரியம் முடிவதற்குள்ளேயே போன் வரும். வாரிசுகளின் பொறுப்பு, இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைதான். சொத்து எதுவும் இல்லையென்றால் அவர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட வேண்டியதில்லை. நுண்கடனிலும் வாகனக் கடனிலும் கடனோடு சேர்த்துக் காப்பீடும் எடுத்திருப்பது வழக்கம். அதற்கான தொகையைக் கடன் கொடுத்த அன்றே பிடித்திருப்பார்கள், கடன் வாங்கியவருக்கே நினைவிருக்காது. அதனால் இறப்புச் சான்றிதழின் நகலோடு எழுதும் முதல் கடிதத்திலேயே, காப்பீடு இருக்கிறதா, எந்த நிறுவனம், அது ஏற்கும் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை சித்தப்பாவோ பிள்ளைகளோ கிளையில் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இறந்தவரின் பாக்கியை அவர்கள் பெயருக்கு மாற்றும் புதிய கடன் ஒப்பந்தமும் அந்தத் தாள்களுக்கு நடுவில் இருக்கக்கூடும்.